பழைய கார் விலையில் பறக்கும் படகு! தெரியுமா?

உலகத்திலேயே தண்ணீர்மேல் மிக வேகமாகப் போன மனிதர் தன் படகை எங்கே கட்டினார் தெரியுமா? சிட்னியில், வீட்டுக் கொல்லைப்புறத்தில்! அதில் பூட்டிய ஜெட் என்ஜின் எப்படிக் கிடைத்தது தெரியுமா? விமானப்படை வேண்டாமென்று ஒதுக்கியதை ஏலத்தில் எடுத்தார்! கென் வார்பி என்ற அந்த ஆஸ்திரேலியர், மரத்தாலும் ஃபைபராலும் தன் கையாலேயே செய்த ‘ஸ்பிரிட் ஆஃப் ஆஸ்திரேலியா’வில் உட்கார்ந்து, 1978 அக்டோபர் 8ஆம் தேதி ப்ளோவரிங் அணையில் மணிக்கு 511 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்தார். அந்தச் சாதனை இன்றுவரை அப்படியே நிற்கிறது. மற்றவர்கள் முயன்றும் அசைக்க முடியாத அந்த உலகச் சாதனை, ஒரு செகண்ட் ஹேண்ட் என்ஜினால் வந்தது!

நமக்கு 511 வேண்டாம். 100 போதும். மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது நெடுஞ்சாலையில் சாதாரணம். தண்ணீரில் அது வேறு உலகம். காற்று முகத்தில் அறையும், படகின் முக்கால்வாசி உடல் நீருக்கு மேலே இருக்கும், பின்னால் ஒரு வெள்ளை நுரைவால் ஆளுயரத்துக்கு எழும். இந்த அனுபவத்துக்கு அமெரிக்காவில் என்ன விலை தெரியுமா? பல லட்சம் டாலர் என்று நினைத்தால் தவறு. 1980களிலும் 90களிலும் கட்டிய, 18 முதல் 24 அடி நீளமுள்ள படகுகள் ஒரு நல்ல பழைய கார் விலைக்கு, டிரெய்லரோடு சேர்த்தே கிடைக்கின்றன!

ஆனால் அந்தப் பழைய படகில் கண்ணுக்குத் தெரிகிற எல்லாமே மலிவு. மினுமினுக்கும் பெயின்ட், புது சீட் உறை, அலறும் சைலன்சர், ஸ்டீரியோ, எல்லாவற்றையும் சில நூறு டாலரில் புதுப்பித்துவிடலாம். விலை உயர்ந்தவை எல்லாம் கண்ணில் படாத இடத்தில் ஒளிந்திருக்கின்றன. அந்த ஒளிவிடங்களைத் தேடிப் போனால் வரும் ஆச்சரியங்களுக்குக் கணக்கே இல்லை!

வேகம் என்ஜினில் இல்லை, அடியில் இருக்கிறது

1960ஆம் ஆண்டு மயாமியிலிருந்து பஹாமாஸின் நாஸோ வரை நடந்த கடல் போட்டியில் என்ன நடந்தது தெரியுமா? அன்று கடல் கொந்தளித்தது. அதுவரை வேகப்படகு என்றால் பின்பக்கம் தட்டையான அடி. அமைதியான நீரில் அது அழகாகச் சறுக்கும். அலை வந்தால் ஒவ்வொரு மோதலிலும் ஓட்டுபவரின் முதுகுத்தண்டைப் பதம் பார்க்கும். டிக் பெர்ட்ராம் என்பவர் கொண்டுவந்த 31 அடி மரப்படகு ‘மாப்பி’ வித்தியாசமாக இருந்தது. ரே ஹன்ட் என்ற வடிவமைப்பாளர் அதன் அடியை முன்முனை முதல் பின்முனை வரை ஆழமான ‘வி’ வடிவத்திலேயே இழுத்திருந்தார். அலையை அறையாமல் கிழித்துக்கொண்டு, ஏறத்தாழ எட்டு மணி நேரத்தில் நாஸோவைத் தொட்டது மாப்பி!

இரண்டாவது படகு எப்போது வந்தது? இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்து! அதுவும் யாருடைய வடிவம் தெரியுமா? அதே ரே ஹன்ட்! ஓட்டி வந்தவர் ஜிம் வின். இவரைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார். அந்த ஒரு போட்டியோடு தட்டை அடியின் காலம் முடிந்தது. மறுவருடமே மாப்பியின் வடிவத்தில் ஃபைபர் படகுகள் விற்பனைக்கு வந்தன. இன்று நீங்கள் பார்க்கப்போகும் எந்தப் பழைய வேகப்படகும், கடலுக்கென்று கட்டியதாக இருந்தால், அந்த மாப்பியின் பேரப்பிள்ளைதான்.

இதில் வாங்குபவருக்கு என்ன? நிறைய இருக்கிறது. அடியின் சரிவு 24 டிகிரி அளவுக்கு ஆழமாக இருந்தால் அலையில் சுகம். ஆனால் அதே வேகத்துக்குக் கூடுதல் குதிரைத்திறன் கேட்கும், நிறுத்தி வைத்தால் பக்கவாட்டில் ஆடும். சிறிய ஏரியில் மட்டும் ஓட்டப்போகிறவர் 24 டிகிரி படகை வாங்குவது வீண் செலவு. 18, 20 டிகிரி சரிவுள்ளது அவருக்கு வேகமும் தரும், பெட்ரோலும் மிச்சம். விளம்பரத்தில் என்ஜின் எத்தனை குதிரைத்திறன் என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். அடியின் சரிவைப் போடமாட்டார்கள். கேட்டு வாங்க வேண்டியது அதுதான்!

இன்னொரு விந்தை. அடியில் படிக்கட்டு மாதிரி வெட்டு வைத்து, அதற்குள் காற்றை இழுத்து, நீரோடு உரசும் பரப்பைக் குறைக்கும் ‘ஸ்டெப்’ படகுகளை இன்றைய நவீனம் என்று விற்கிறார்கள். அந்த யோசனையை முதலில் சொன்னவர் யார் தெரியுமா? ஒரு பாதிரியார்! இங்கிலாந்தின் சசெக்ஸில் ப்ளேடன் என்ற ஊரில் இருந்த சார்லஸ் மீட் ராமஸ், 1872லேயே பிரிட்டிஷ் கடற்படையிடம் இதை எடுத்துச் சொன்னார். அன்றைய நீராவி என்ஜின்களின் பாரத்துக்கு அது பலிக்கவில்லை. இப்போது பலிக்கிறது. ஆனாலும் முதல் படகாக அதை வாங்க நான் சொல்லமாட்டேன். வேகமாகப் போகும்போது சட்டென்று திருப்பினால் சில ஸ்டெப் படகுகள் பிடி நழுவிச் சுழன்றுவிடும். அந்த ஓட்டுதலுக்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

ஒரே தெரு, ஒரே மனிதர், நான்கு பிராண்டுகள்!

பழைய வேகப்படகுச் சந்தையில் ஃபார்முலா, டான்சி, மேக்னம், சிகரெட் என்ற பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். நான்கும் ஒன்றோடொன்று போட்டியிடும் நான்கு கம்பெனிகள் என்றுதானே நினைப்பீர்கள்? நான்கையும் தொடங்கியவர் ஒரே ஆள்! டான் அரோனோ. புரூக்ளினில் பிறந்து, நியூ ஜெர்சியில் கட்டடத் தொழிலில் சம்பாதித்து, இளம் வயதிலேயே ஓய்வெடுக்க மயாமிக்கு வந்தவர். ஓய்வா எடுத்தார்? 1962ல் ஃபார்முலா. அதை விற்றார். 1964ல் டான்சி. அதையும் விற்றார். 1966ல் மேக்னம். விற்றார். அடுத்து சிகரெட். ஒவ்வொரு முறையும் வடகிழக்கு 188ஆம் தெருவிலேயே அடுத்த பட்டறையைப் போட்டு, தான் விற்ற கம்பெனியையே போட்டியில் தோற்கடிப்பார்! அந்தத் தெருவுக்கு மக்கள் வைத்த பெயர் ‘இடிப்படகு வரிசை’. 1987 பிப்ரவரி 3ஆம் தேதி, அதே தெருவில், காரில் இருந்த அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அமெரிக்காவின் அன்றைய துணை ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் அவருடைய நண்பர்; அவரிடம் வாங்கிய சிகரெட் படகை ஆசையாக ஓட்டியவர்.

பெயருக்காகவே சிகரெட் படகு விலை எகிறும். சிக்கன பட்ஜெட்காரர் அந்தப் பக்கம் போக வேண்டாம். ஆனால் டான்சியின் பழைய 18 அடிப் படகு இருக்கிறதே, முன்னால் இருவர் பின்னால் மூவர் உட்காரும் ‘டூ ப்ளஸ் த்ரீ’, அது வேறு ரகம். சின்ன உடலில் கடல் போட்டிப் படகின் அடியையே பொருத்தியிருப்பார்கள். அழகும் குறையாது, மறுபடி விற்கும்போது விலையும் சரியாது. என் கண்ணுக்கு அதைவிட வடிவான சிறு படகு இன்னும் வரவில்லை!

கடலோரத்தில்தான் வேகப்படகு பிறக்க வேண்டுமா என்ன? ஓஹையோ மாநிலத்தில் ப்யூசைரஸ் என்று ஒரு சிற்றூர். கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே. பஹா, செக்மேட் என்ற இரண்டு புகழ்பெற்ற வேகப்படகு பிராண்டுகளும் அந்த ஒரே ஊரில் கட்டப்பட்டவை என்றால் நம்புவீர்களா? மயாமி பெயரில்லாத காரணத்தால் இவற்றின் விலை இன்றும் தரையில் நிற்கிறது. கையில் காசு குறைவாக இருப்பவர் முதலில் தேட வேண்டியது இந்த ஊர்ப் படகுகளைத்தான்.

ஃபைபர் படகுக்குள் மரம்!

இதுதான் இந்தக் கட்டுரையின் உயிர். நிதானமாகப் படியுங்கள்.

ஃபைபர் படகு அழுகாது என்று உலகமே நம்புகிறது. ஆனால் அந்தக் காலத்து வேகப்படகுகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே மரம் இருக்கிறது தெரியுமா? என்ஜினைத் தாங்கும் பின்சுவர், அடித்தளத்தில் நீளவாக்கில் ஓடும் தாங்குகட்டைகள், தரைப்பலகை எல்லாமே ப்ளைவுட் அல்லது மரம். மேலே ஃபைபர் போர்த்தியிருப்பார்கள், அவ்வளவுதான். யாரோ ஒரு நாள் ஏணியோ மீன் தேடும் கருவியோ மாட்ட ஒரு ஸ்க்ரூவை முடுக்குகிறார். ஓட்டையைச் சுற்றி சீலன்ட் வைக்க மறக்கிறார். அந்த ஒரு துளை போதும்! சொட்டுச் சொட்டாக நீர் இறங்கி, வருடக்கணக்கில் மரத்தைத் தின்று, வெளியே கண்ணாடி மாதிரி மின்னும் படகின் உள்ளே கருப்புச் சேறு மட்டும் மிஞ்சும். பின்சுவரையும் தாங்குகட்டைகளையும் மாற்ற என்ஜினை இறக்க வேண்டும், தரையை அறுக்க வேண்டும். பல படகுகளில் அந்தக் கூலி படகின் விலையையே தாண்டிவிடும்!

கண்டுபிடிப்பது எப்படி? ஒரு சிறு பிளாஸ்டிக் சுத்தியல் போதும். பின்சுவர் முழுக்கக் கையகல இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல மரம் ‘டக்’ என்று கெட்டியாகப் பதில் சொல்லும். அழுகிய இடம் ‘தொப்’ என்று செத்த ஓசை தரும். காது பழகாதவருக்கும் அந்த மாற்றம் கேட்கும்! அடுத்து, ப்ரொப்பெல்லரோடு பின்னால் தொங்கும் டிரைவைப் பாதி தூக்கி வைத்து, இரு கையால் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். பின்சுவர் கொஞ்சமும் நெளியக் கூடாது. நெளிந்தால் அங்கேயே வணக்கம் சொல்லிவிட்டு வரலாம். மூன்றாவது, என்ஜினைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள். முடுக்கினால் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே போகிறதா? கீழே மரம் இல்லை என்று அர்த்தம்.

இன்னும் ஒரு வழி உண்டு; அதிகம் பேர் செய்வதில்லை. லாரிகளை நிறுக்கும் எடைமேடைக்கு டிரெய்லரோடு படகைக் கொண்டுபோய் நிறுத்திப் பாருங்கள்! தரைக்கு அடியில் அடைத்திருக்கும் மிதவை நுரை, வருடக்கணக்கில் நீரில் ஊறினால் நூற்றுக்கணக்கான கிலோ தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பெனி அறிவித்த எடையோடு டிரெய்லரையும் எரிபொருளையும் கூட்டிக் கணக்குப் போட்டால், கண்ணில் படாத அந்தத் தண்ணீர் எடைச்சீட்டில் மாட்டிக்கொள்ளும்.

எடை ஏன் அவ்வளவு முக்கியம்? இதோ காரணம். சறுக்கிப் போகும் படகின் வேகம், குதிரைத்திறனை எடையால் வகுத்தால் வருவதின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் ஏறுகிறது. 250 குதிரைத்திறனில் 80 கிலோமீட்டர் வேகம் போகும் படகை 160 கிலோமீட்டருக்குக் கொண்டுபோக எத்தனை வேண்டும் தெரியுமா? 500 அல்ல. 1,000! அதனால்தான் பின்சுவருக்கு வெளியே 150 குதிரைத்திறன் அவுட்போர்ட் என்ஜின் மாட்டிய இலேசான 18 அடிப் படகு, 350 குதிரைத்திறன் கர்ஜிக்கும் கனமான 26 அடிப் படகைச் சிரித்துக்கொண்டே முந்திவிடும்!

லாரி என்ஜின் படகில் ஏறினால்

முன்பு சொன்ன ஜிம் வின் ஞாபகம் இருக்கிறதா? படகுக்குள் கார் என்ஜினை வைத்து, பின்சுவரில் துளை போட்டு, அவுட்போர்ட் மாதிரி வெளியே கால் தொங்கவிடும் ‘ஸ்டெர்ன் டிரைவ்’ அவர் வளர்த்த யோசனை. 1959ல் வோல்வோ பென்டா அதை ‘அக்வாமேட்டிக்’ என்று வெளியிட்டது. 1961ல் மெர்குரி கம்பெனி ‘மெர்க்ரூசர்’ என்று களம் இறங்கியது. இன்று பழைய படகுச் சந்தையில் எங்கு திரும்பினாலும் மெர்க்ரூசர்தான்.

அந்த மெர்க்ரூசருக்குள் இருப்பது என்ன தெரியுமா? ஷெவ்ரொலேயின் 350, 454 கன அங்குல என்ஜின் பிளாக்குகள்! அமெரிக்கப் பிக்கப் லாரிகளில் லட்சக்கணக்கில் ஓடிய அதே குடும்பம். பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும், விலையும் குறைவு. சிக்கனக்காரருக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. அதற்காக லாரிக்கடையில் வாங்கிய ஸ்டார்ட்டர் மோட்டாரையும் ஆல்டர்னேட்டரையும் மாட்டலாமா? கூடவே கூடாது! பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடிவயிற்றில் தேங்கி நிற்கும். படகுக்கான மின்பாகங்கள் தீப்பொறி வெளியே வராதபடி மூடிக் கட்டியவை. காருக்கானவை அப்படி இல்லை. ஒரு பொறி போதும், படகு வெடிக்கும். என்ஜினை முடுக்குவதற்கு முன் நான்கு நிமிடம் ப்ளோயர் விசிறியை ஓடவிட வேண்டும் என்று ஒவ்வொரு பெட்ரோல் படகிலும் எச்சரிக்கை ஒட்டியிருப்பது இதற்காகத்தான். பார்க்கப் போகும் படகில் கார் பாகங்களைக் கண்டால், முந்தைய உரிமையாளர் மற்ற இடங்களிலும் எப்படிச் சிக்கனம் பிடித்திருப்பார் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

கார் மீட்டரில் 2 லட்சம் கிலோமீட்டர் பார்த்துப் பழகிய நமக்கு, படகின் மணிக்கணக்கு மீட்டரில் 500 மணி என்பது ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் படகு என்ஜின் வாழ்நாள் முழுக்க மலையேறும் லாரி மாதிரி உழைக்கிறது. இறக்கம் கிடையாது, ஓய்ந்து உருளும் நேரம் கிடையாது. வேகப்படகுக்கு 500 மணி என்பது நல்ல நடுவயது. அப்படியானால் 30 வருடப் படகில் 150 மணிதான் ஓடியிருக்கிறது என்றால் துள்ளிக் குதிக்கலாமா? வேண்டாம். ஓடாமல் கிடந்த என்ஜினில் ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கும், சிலிண்டருக்குள் துரு ஏறும். வருடா வருடம் ஓடி, வருடா வருடம் ஆயில் மாற்றிய 500 மணி என்ஜினையே நான் எடுப்பேன்.

போய்ப் பார்க்கும் நாளில், நீங்கள் வரும்வரை என்ஜினை முடுக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனவுடன் என்ஜின்மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் தெரியும் எதையோ மறைக்க ஏற்கெனவே ஓட்டியிருக்கிறார்! கம்ப்ரெஷன் சோதனையில் எட்டு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் பத்து சதவீதத்துக்கு மேல் விலகினால் காரணம் தெரியாமல் பணம் எடுக்காதீர்கள். ஒரு சிறு குப்பி என்ஜின் ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்பினால், தேய்ந்த பேரிங்கின் உலோகத் துகளையும், உள்ளே புகுந்த உப்புநீரின் சோடியத்தையும் பட்டியல் போட்டுத் தந்துவிடுவார்கள். அதற்கு ஆகும் செலவு சில பத்து டாலர்தான்!

உப்பும் பனியும்

ஃப்ளோரிடா படகா, மிச்சிகன் படகா? ஒரே வருட, ஒரே மாடல் படகுகள் இரண்டு வேறு வேறு சாவு சாகும் தெரியுமா? கடல் நீராலேயே என்ஜினைக் குளிர்விக்கும் படகில், புகைபோக்கி இணைப்புகளான மேனிஃபோல்டும் ரைசரும் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். உப்புநீரில் ஐந்தாறு வருடம் தாண்டினாலே மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் ஒரு நாள் துரு ஓட்டையாகி, தண்ணீர் நேரே சிலிண்டருக்குள் போகும். தண்ணீரை அமுக்க முடியாது. அடுத்த முறை சாவியைத் திருப்பும்போது கனெக்டிங் ராட் வளையும். என்ஜின் காலி!

மிச்சிகன் ஏரிப் படகுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. வருடத்தில் நான்கைந்து மாதம்தான் ஓடும், அதுவும் நன்னீரில். ஆனால் குளிர்காலத்துக்கு முன் என்ஜினில் இருக்கும் தண்ணீரை வடிக்க ஒரே ஒரு வருடம் மறந்தாலும், அது உறைந்து விரிந்து, இரும்பு பிளாக்கையே பிளந்துவிடும்! பிளந்த இடத்தில் எபாக்சி பூசி, மேலே புது பெயின்ட் அடித்து விற்பவர்கள் உண்டு. என்ஜினின் பக்கவாட்டில், தண்ணீர் வடிக்கும் பிளக்குகளுக்கு அருகே டார்ச் அடித்துத் தேடுங்கள். புது பெயின்ட் ஒரு பட்டையாக மட்டும் இருந்தால் விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள்.

இரண்டில் ஒன்று என்றால் என் ஓட்டு வடக்கத்தி ஏரிப் படகுக்கே. பிளந்த பிளாக்கைப் பார்த்துவிடலாம். உப்பு தின்றதை முழுதும் பார்க்க முடியாது.

பொய்யைப் பிடிக்கும் கணக்கு

“இது 130 போகும்” என்பார் விற்பவர். உண்மையா என்று தண்ணீரில் இறங்காமலே சொல்லிவிடலாம் தெரியுமா? ப்ரொப்பெல்லரில் ‘23’ என்று பொறித்திருக்கிறது என்று வையுங்கள். வழுக்கலே இல்லாமல் ஒரு சுற்றுக்கு 23 அங்குலம் முன்னேறும் என்று அர்த்தம். என்ஜின் உச்சத்தில் நிமிடத்துக்கு 5,000 சுற்று. டிரைவின் கியர் விகிதம் 1.5 என்றால் ப்ரொப்பெல்லர் 3,333 சுற்று சுற்றும். பெருக்கிப் பாருங்கள், மணிக்குச் சுமார் 117 கிலோமீட்டர். நீரில் பத்து சதவீதமாவது வழுக்கும். மிச்சம் 105! இதற்கு மேல் அந்தப் படகு போகவே முடியாது; 130 என்பது கதை.

ஆனால் அவர் பொய் சொல்ல வேண்டும் என்றே சொல்லியிருக்க மாட்டார். டேஷ்போர்டு மீட்டரை நம்பியிருப்பார். பழைய படகுகளின் ஸ்பீடோமீட்டர் சக்கரத்தைப் பார்த்து அளப்பதில்லை. பின்னால் நீட்டியிருக்கும் ஒரு சிறு துளைக்குள் நீர் அழுத்துவதை அளக்கிறது. ஆன்றி பிட்டோ என்ற பிரெஞ்சுக்காரர் 1732ல் பாரிஸின் சேன் ஆற்றின் ஓட்டத்தை அளக்கக் கண்டுபிடித்த அதே குழாய்! துளையில் கொஞ்சம் பாசி அடைத்தாலும் எண் மாறும். உங்கள் செல்போனின் ஜிபிஎஸ் அதைவிட நம்பகமானது.

டிரையல் ஓட்டத்தில் முழு த்ராட்டில் கொடுத்துப் பாருங்கள். கம்பெனி சொன்ன உச்சச் சுற்றை என்ஜின் எட்டவில்லையா? ஒன்று என்ஜின் களைத்துவிட்டது, அல்லது ப்ரொப்பெல்லர் பொருந்தவில்லை, அல்லது அடியில் தண்ணீர் ஊறியிருக்கிறது. ஸ்டீரிங்கை முழுக்கத் திருப்பும்போது பின்னாலிருந்து உறுமல் வந்தால், டிரைவ் தண்டைத் தாங்கும் கிம்பல் பேரிங் போய்விட்டது. டிரைவின் கியர் ஆயில் வெண்மையாகக் கலங்கியிருந்தால் நீர் புகுந்துவிட்டது. டிரைவுக்கும் பின்சுவருக்கும் இடையே பெல்லோஸ் என்ற மடிப்பு ரப்பர் உறை இருக்கும். பார்த்தால் சாதாரணம். அது கிழிந்தால் கட்டிவைத்த இடத்திலேயே படகு மூழ்கும்! விரலால் மடிப்புகளை விரித்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் மாற்றும் கூலியை விலையில் கழித்துக் கேளுங்கள்.

பின்சுவரில் ஒரு ஜாதகம்

1972 நவம்பர் முதல் அமெரிக்கப் படகு ஒவ்வொன்றிலும் 12 எழுத்து கொண்ட ஓர் அடையாள எண் பொறிக்க வேண்டும். பின்சுவரின் வலப்பக்க மேல்மூலையில் இருக்கும். முதல் மூன்று எழுத்து கட்டியவர் யார் என்று சொல்லும். 1984க்குப் பிந்தைய படகுகளில் கடைசி நான்கைப் பாருங்கள். ‘எச்394’ என்றிருந்தால்? எச் எட்டாவது எழுத்து, ஆகவே ஆகஸ்ட் மாதம், 1993ல் கட்டியது, 1994 மாடல். விளம்பரத்தில் 1998 என்று போட்டிருந்தால் அங்கேயே பிடிபட்டார்! இன்னொரு ரகசியம்: அதே எண் படகின் உள்ளே வேறெங்கோ மறைவாக இரண்டாவது முறையும் பொறிக்கப்பட்டிருக்கும். பின்சுவர் எண்ணைச் சுரண்டி மாற்றிய திருட்டுப் படகுகளைக் கண்டுபிடிக்கத்தான் அது.

டிரெய்லரின் டயரிலும் பிறந்த தேதி இருக்கிறது தெரியுமா? ‘3509’ என்றால் 2009ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். பட்டன் தேயாமல் புதிது போலவே இருக்கும். உள்ளே ரப்பர் செத்திருக்கும். ஊருக்குத் திரும்பும் நெடுஞ்சாலையில் அது வெடிக்கும்.

கையில் இருக்கும் பணம்

வாங்க வைத்திருக்கும் தொகை முழுவதையும் படகுக்கே கொடுத்துவிடாதீர்கள். கால் பங்கை முதல் வருடப் பழுதுக்கென்று தனியே எடுத்து வையுங்கள். 400 குதிரைத்திறன் என்ஜின் முழு வேகத்தில் மணிக்கு 120 லிட்டருக்கு மேல் பெட்ரோல் குடிக்கும்; அதையும் கணக்கில் சேருங்கள். இரட்டை என்ஜின் படகு சில சமயம் ஒற்றை என்ஜின் விலைக்கே கிடைக்கும். அதற்குக் காரணம் உண்டு: எல்லாப் பழுதும் இரட்டிப்பு! படகை வாங்குவதற்கு முன்பே காப்பீட்டை விசாரியுங்கள். பழைய படகுக்கு, அதைப் பரிசோதிக்கும் சர்வேயரின் அறிக்கை கேட்பார்கள். அதிவேகப் படகு என்றால் சில நிறுவனங்கள் கதவையே திறக்காது. அங்கீகாரம் பெற்ற சர்வேயர் அடிக்கு இத்தனை டாலர் என்று கூலி வாங்குவார். நீங்கள் செலவழிக்கும் மிகச் சிறந்த பணம் அதுதான். சர்வேயரையும் டிரையல் ஓட்டத்தையும் மறுக்கிற விற்பவரிடம் ஒரு டாலர்கூட முன்பணம் வைக்க வேண்டாம். என் தீர்ப்பு: 18 முதல் 22 அடி, ஒற்றை என்ஜின், ஏரியில் வளர்ந்த படகு. முதல் படகுக்கு இதைத் தாண்டாதீர்கள்.

கடைசியாக ஒன்று, இதைக் கண்டிப்பாகக் கேளுங்கள். வேகத்தில் ஓட்டுபவர் தூக்கி வீசப்பட்டால் ஆளில்லாத படகு நின்றுவிடாது. வட்டமடித்துத் திரும்பி, விழுந்தவர் மேலேயே ஏறலாம். அதைத் தடுக்கத்தான் ஸ்டீரிங் அருகே ஒரு சிறு கயிறு. மறுமுனையை உடம்பில் மாட்டிக்கொண்டால், நீங்கள் விழுந்த அந்தக் கணமே என்ஜின் அணையும். 2021 ஏப்ரல் 1 முதல், இந்த விசை உள்ள 26 அடிக்குக் குறைவான படகுகளில் அதை மாட்டிக்கொண்டு ஓட்டுவது அமெரிக்கச் சட்டம். பழைய படகுகள் பலவற்றில் அந்தக் கயிறு தொலைந்திருக்கும். விசையே பழுதாகியும் இருக்கலாம். படகு வாங்கிய அன்றே, பெயின்ட்டுக்கும் ஸ்டீரியோவுக்கும் முன்னால், அதைச் சரி செய்யுங்கள். கயிறு உடம்பில் இல்லாமல் ஒருபோதும் சாவியைத் திருப்பாதீர்கள்!